தாய்மொழியை அறிவிப்பவர் யார்? – பெங்களூர்த் தமிழ்க் குழந்தைகளும் பயிற்றுமொழி வரலாறும்

பள்ளியில் குழந்தையைச் சேர்க்கும்போது பெற்றோர் நிரப்பும் விண்ணப்பத்தில் 'தாய்மொழி' என ஒரு கட்டம் உண்டு. பிறந்த நாளுக்குச் சான்று கேட்கப்படும். சாதிக்கும் வருமானத்துக்கும் சான்று கேட்கப்படும். தாய்மொழிக்கு மட்டும் சான்று கேட்பதில்லை. பெற்றோர் எழுதுவதே சான்று. மொழியியலார் நெடுங்காலமாக வரையறுக்க முயன்றுவரும் ஒரு கருத்தாக்கத்தை, பள்ளி அலுவலக மேசையருகே நின்றவாறு தந்தையோ தாயோ ஒரு சொல்லில் தீர்த்துவிடுகின்றனர். இந்த அறிவிப்பு எங்கிருந்து வந்தது, எவ்வாறு சட்டத்தின் அடித்தளமாயிற்று, அதனால் பெங்களூர்த் தமிழ்க் குழந்தைகள் பெற்றதும் இழந்ததும் யாவை என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. 2014இல் 'பெங்களூரு' எனப் பெயர் மாற்றம் பெற்ற அந்நகரைத் தமிழ் வழக்கை ஒட்டிப் பெங்களூர் என்றே இங்கு குறிப்பிடுவோம்.

அறிவிப்பு என்னும் கோட்பாடு

'தாய்மொழி' என்னும் கூட்டுச்சொல் தொல்காப்பியம் முதலிய இலக்கண நூல்களில் வழங்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பின்னரே அது பெருவழக்குப் பெற்றது. குடிக்கணக்கு எடுத்தோரும் இச்சொல்லில் உறுதியாக நின்றதில்லை. 1881இல் தொட்டில் பருவம் முதல் பேசும் மொழி எனக் கொண்டனர். 1891இல் பெற்றோர் மொழி என்றனர். 1901இல் வழக்கமாகப் பயன்படுத்தும் மொழி என்றனர். அண்மைக் கணக்கெடுப்புகளில், ஒருவரின் குழந்தைப் பருவத்தில் தாய் அவரிடம் பேசிய மொழி என்பது வரையறை. தாய் இளமையிலேயே இறந்திருந்தால் வீட்டில் பெரிதும் பேசப்பட்ட மொழி. இவை ஒரே பொருளுக்குத் தரப்பட்ட பல விளக்கங்கள் அல்ல. ஒவ்வொன்றும் வேறொரு பொருளையே அளக்கின்றது. முதலாவது குழந்தையின் பேச்சையும், இரண்டாவது மரபையும், மூன்றாவது பயன்பாட்டையும், நான்காவது தாயின் பேச்சையும் அளக்கின்றன. பெங்களூர் போன்ற நகரில் இந்நான்கும் ஒரே குழந்தைக்கு நான்கு வெவ்வேறு விடைகளைத் தரக்கூடும்.

கல்வித்துறை இச்சிக்கலை வேறொரு வழியில் கடந்தது. 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு தொடக்கக் கல்வி தாய்மொழியில் அமைய வேண்டுமெனத் தீர்மானித்தது. தாய்மொழியாவது பெற்றோரோ பாதுகாவலரோ அவ்வாறு அறிவிக்கும் மொழி எனவும் கூறியது. அம்மொழி வட்டார மொழியினின்று வேறுபடுமாயின், பள்ளி முழுவதிலும் 40 மாணவரோ ஒரு வகுப்பில் 10 மாணவரோ இருந்தால் ஓர் ஆசிரியரையேனும் அமர்த்த வேண்டும் என்பது தீர்மானத்தின் மறுபகுதி. மாநிலச் சீரமைப்பை ஒட்டி 1956இல் ஏழாம் திருத்தத்தின் வழியே அரசியலமைப்பில் சேர்ந்த 350அ உறுப்பு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கான வசதிகளைச் செய்ய முயல வேண்டும் என்று மாநிலங்களைப் பணித்தது. தாய்மொழி எது என்பதை அவ்வுறுப்பு வரையறுக்கவில்லை. அந்த இடத்தை 1949ஆம் ஆண்டுத் தீர்மானமே நிரப்பி வந்தது.

அறிவிப்பு முறையின் நோக்கம் தெளிவானது. 'உன் மொழி இது அன்று' என்று அரசு அலுவலர் ஒரு குடிமகனிடம் சொல்லிவிடக் கூடாது என்பதே அது. மொழியின் பெயரே அரசியல் பூசலாக இருந்த காலத்தில் இது விவேகமான ஏற்பாடு. ஆயினும் அதனோடு இணைத்து வைத்த எண்ணிக்கை விதியின் விளைவு போதிய கவனம் பெறவில்லை. பெற்றோர் ஒருவரின் அறிவிப்பு மட்டும் ஒரு தமிழ் வகுப்பைத் தோற்றுவிக்காது. மேலும் ஒன்பது பெற்றோர் அதே சொல்லை எழுதியிருக்க வேண்டும். பத்தாமவர் வேறு பள்ளியை நாடினால் எஞ்சிய ஒன்பதின்மரின் அறிவிப்பும் பயனற்றுப்போகும். பெற்றோரின் உரிமை தனியுரிமையாக எழுதப்பட்டது; அதன் நிறைவேற்றமோ கூட்டுச் செயலாக இருந்தது. பெங்களூர்த் தமிழ்வழி வகுப்புகளின் தேய்வை விளங்கிக்கொள்ள இம்முரண் இன்றியமையாதது.

தண்டும் நகரும்

1809இல் பிரித்தானியப் படை சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு இடம்பெயர்ந்ததும், பழைய நகரான பேட்டைக்குக் கிழக்கே கன்டோன்மென்ட் உருவாயிற்று. கன்னட வழக்கில் அது 'தண்டு'. சென்னை மாகாணப் படையைத் தொடர்ந்து வணிகர், ஒப்பந்தக்காரர், கொத்தர், தோட்டத் தொழிலாளர், வீட்டுப் பணியாளர் எனப் பல நிலைத் தமிழர் அங்குக் குடியேறினர். 1881இல் மைசூர் அரசு மன்னர் குடும்பத்திடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டபோதும் தண்டுப்பகுதி பிரித்தானிய ஆட்சியிலேயே நீடித்தது. 1947இல்தான் மைசூருக்கு மீண்டது. 1949இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கன்னட நிருவாகத்துக்கு வெளியே வளர்ந்த தமிழ்ச் சமூகம், மாநிலம் மாறாமலேயே மொழிச் சிறுபான்மையாயிற்று.

இப்பகுதியின் கல்வி பெரிதும் தனியார் முயற்சியால் அமைந்தது. கிறித்தவ மிஷன்கள் தமிழில் பள்ளிகள் நடத்தின. ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் தொடங்கிய இலவசப் பள்ளி, பின்னர் ஆர்.பி.ஏ.என்.எம். அறநிலையமாக விரிந்து இன்றும் நிலவுகிறது. அல்சூரில் 1950இல் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் தோன்றியது. 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி கருநாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் 21 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெங்களூரில் வாழ்வோரே மிகுதி.

அக்குழந்தையின் மொழிச்சூழல் தனியே நோக்கத்தக்கது. வீட்டில் பேச்சுத் தமிழ். அதுவும் வடார்க்காடு, சேலம், தருமபுரி வழக்குகளோடு கன்னடச் சொற்கள் கலந்தது. தெருவில் கன்னடம், தெலுங்கு, தக்கினி உருது. எந்த நூலுமின்றி அக்குழந்தை ஒப்பிலக்கணத்தின் முதற்பாடத்தைக் கற்றுக்கொள்கிறது. பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, பாம்பு ஹாவு. தமிழில் செவி எனின் கன்னடத்தில் கிவி. மொழிமுதல் பகரம் கன்னடத்தில் ஹகரமாயிற்று, முன்னுயிர்க்கு முன் ககரம் தமிழில் சகரமாயிற்று என்று பல்கலைக்கழக மாணவர் பட்டியலிட்டுப் படிக்கும் ஒலிமாற்றங்களை, ஐந்து வயதுக் குழந்தை விதியாகவே கையாள்கிறது. தான் கேட்டறியாத கன்னடச் சொல்லை இவ்விதியைக் கொண்டு புதிதாகப் புனைந்து, சிலபோது பிழைபடவும் செய்கிறது. அப்பிழைகள் மொழியாராய்ச்சியாளருக்கு மிக மதிப்புடையவை; பெற்றோரும் ஆசிரியரும் அவற்றைக் குறையாகவே கருதுகின்றனர் என்பது வருந்தத்தக்கது.

இந்த நல்வாய்ப்பைப் பள்ளி அறிந்து பயன்கொள்ளவில்லை. தமிழ்வழி வகுப்பில் நுழையும் குழந்தைக்குப் பாடநூலின் தமிழ் வீட்டுத் தமிழன்று. இரட்டை வழக்கு என 1959இல் பெர்குசன் விளக்கிய நிலைமை தமிழுக்கு முற்றும் பொருந்துவது. அவரையடுத்து வந்த ஆய்வாளர் பலர் தமிழை அதற்குச் சிறந்த சான்றாகக் கொண்டனர். எழுத்துத் தமிழ் எந்தத் தாயும் தொட்டிலருகே பேசிய மொழியன்று. தமிழகத்துக் குழந்தைக்கு மேடை, செய்தித்தாள், கடைப்பலகை, கோயில் எனப் பல வாயில்களால் எழுத்து வழக்குச் செவியிலும் கண்ணிலும் படுகிறது. பெங்களூர்க் குழந்தைக்கு அவ்வாயில்களுட் பல அடைபட்டவை. எனவே 'தாய்மொழி வழிக் கல்வி எளிது' என்னும் பொதுக்கூற்று அக்குழந்தையைப் பொறுத்தவரை பாதியளவே உண்மை. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் 1953இல் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை தாய்மொழிக் கல்வியை இயன்றவரை நீட்டிக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. வீட்டு வழக்குக்கும் நூல் வழக்குக்கும் இடையே இவ்வளவு தொலைவுள்ள மொழிகளில் அப்பரிந்துரையைச் செயற்படுத்தத் தனிப் பயிற்சி பெற்ற ஆசிரியர் தேவை. அத்தகைய பயிற்சி நம் ஆசிரியர் கல்வியில் இடம்பெற்றதாகக் கூறுவதற்கில்லை.

கலைச்சொல் இன்னொரு தடை. தமிழ்ப் பாடநூல் முக்கோணம் என்பதைக் கன்னடப் பாடநூல் 'த்ரிபுஜ' என்கிறது. ஒளிச்சேர்க்கை அங்கே 'த்யுதிசம்ஸ்லேஷணெ'. கருநாடக அரசின் பாடநூல்கள் தமிழ் உட்படப் பல மொழிகளில் வெளியிடப்பட்டு வந்துள்ளன. அவற்றின் மொழிபெயர்ப்பாளர் ஒரு தீராச் சிக்கலை எதிர்கொண்டனர். தமிழகக் கலைச்சொல்லை ஆண்டால் குழந்தை தமிழ்க் கல்வியுலகோடு இணையும். உயர்நிலையில் கன்னடத்துக்கோ ஆங்கிலத்துக்கோ மாறும்போது அச்சொல் கைகொடாது. வடசொல்லை ஆண்டால் மாற்றம் எளிதாகும். நூலோ தமிழாக ஒலிக்காது. இருமொழியிலும் சொல்லை அருகருகே தரும் எளிய வழியைப் பாடநூற்குழுக்கள் ஏன் போதிய அளவு கைக்கொள்ளவில்லை என்பது விளங்கவில்லை.

முதல்மொழி என்னும் போராட்டம்

உயர்நிலைப் பள்ளிகளின் முதல்மொழிப் பட்டியலில் சமஸ்கிருதம் நீடிப்பதா என்று எழுந்த விவாதத்தை ஒட்டி, 1980 ஜூலையில் கருநாடக அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் வி.கி. கோகாக், பின்னாளில் ஞானபீட விருது பெற்ற கவிஞர். 1981 ஜனவரியில் அளிக்கப்பட்ட அறிக்கை, உயர்நிலை வகுப்புகளில் கன்னடம் ஒன்றே 150 மதிப்பெண் கொண்ட முதல்மொழியாக வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அரசு தயங்கிற்று. எழுத்தாளர் தொடங்கிய கிளர்ச்சியில் 1982இல் நடிகர் ராஜ்குமார் இணைந்ததும் அது மாநிலமெங்கும் பேரியக்கமாயிற்று. 1982 ஜூலை 20ஆம் நாளைய ஆணை கன்னடத்தை ஒரே முதல்மொழியாக்கியது.

இதனைத் தமிழர்க்கு எதிரான செயலாக மட்டும் காண்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. கருநாடகத்தின் தலைநகரிலேயே ஒரு மாணவர் கன்னடத்தில் ஒரு வரியும் எழுதத் தெரியாமல் பள்ளிப் படிப்பை முடிக்கலாம் என்ற நிலை கன்னடருக்கு நியாயமான குறையே. அதற்குப் பெரிதும் காரணமாயிருந்தவை ஆங்கில வழிப் பள்ளிகள். ஆணையின் சுமையோ தமிழ், உருது, தெலுங்கு, மராத்தி பேசிய எளிய குடும்பங்களின் மேலும் சமமாக விழுந்தது. மொழிச் சிறுபான்மையினர் பாதுகாப்புக் குழு தொடுத்த வழக்கில் 1989இல் உயர்நீதிமன்ற முழு ஆயம், கன்னடம் ஒன்றையே முதல்மொழியாகக் கட்டாயப்படுத்துவது அரசியலமைப்புக்கு முரண் எனத் தீர்ப்பளித்தது.

அடுத்து வந்த ஆணையின் சொல்லமைப்பு மொழிபெயர்ப்பாளர் கூர்ந்து நோக்கற்குரியது. 1989 ஜூன் 19ஆம் நாளைய ஆணை, முதல் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை பொதுவாகத் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்குமென எதிர்பார்க்கப்படுகிறது என்னும் கருத்துப்பட அமைந்திருந்தது. மூன்று நாள் கழித்து, ஜூன் 22இல், பிழைதிருத்தம் ஒன்று வெளியாயிற்று. 'பொதுவாக', 'எதிர்பார்க்கப்படுகிறது' என்னும் இரண்டும் நீங்கின. தாய்மொழி பயிற்றுமொழியாக இருக்கும் என்பது மட்டும் நின்றது. அச்சுப் பிழையைத் திருத்துவது போன்ற தோற்றத்தில் ஒரு வேண்டுகோள் கட்டளையாக மாறிற்று. வினைமுற்றின் நோக்குப்பொருள் மாறினால் சட்டமே மாறும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. ஆங்கில வழி மாணவர் பெற்றோர் சங்கம் இதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. 1993 டிசம்பர் 8ஆம் நாள் அந்நீதிமன்றம் ஆணையை ஏற்றுக்கொண்டது.

இத்துணிவில் 1994 ஏப்ரல் 29ஆம் நாள் பிறந்த ஆணை, 1994–95ஆம் கல்வியாண்டு முதல் அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிகளிலும் நான்காம் வகுப்பு வரை தாய்மொழியோ கன்னடமோ பயிற்றுமொழியாதல் வேண்டும் என்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையோர் மட்டுமே ஆங்கில வழியில் பயிலலாம். இங்கே 1949ஆம் ஆண்டின் அறிவிப்பு முறை எதிர்பாராத கோணத்தில் திரும்பிற்று. அலுவலரின் ஐயத்தினின்று சிறுபான்மையைக் காக்க வைத்த கட்டம், இப்போது விரும்பிய பள்ளியின் நுழைவுச்சீட்டாயிற்று. தமிழைத் தாய்மொழியாக எழுதும் தந்தை, தம் குழந்தையைத் தமிழ்வழி வகுப்புக்கோ கன்னடவழி வகுப்புக்கோ உரியதாக்குகிறார். உண்மையை எழுதுவதற்கு விலை உண்டாயிற்று. 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலை ஒட்டிப் பெங்களூர்த் தமிழர் தாக்கப்பட்டு மூன்றாண்டுகூடக் கழியாத காலம் அது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அந்நாள்களில் தமிழ் எனப் படிவத்தில் எழுதுவதே பலருக்குத் தயக்கம் தந்திருக்கும்.

பள்ளி நிருவாகங்களும் வேறு வழி கண்டன. கன்னட வழிக்கு அனுமதி பெற்று ஆங்கில வழியில் நடத்தும் வழக்கம் பரவிற்று. 2006ஆம் ஆண்டளவில் அரசு அப்பள்ளிகள் மீது நடவடிக்கை எடுத்தது. 2008 ஜூலையில் உயர்நீதிமன்றம் தனியார் உதவிபெறாப் பள்ளிகளைப் பொறுத்தவரை 1994ஆம் ஆண்டு ஆணை செல்லாது என்றது. மேல்முறையீடு ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு ஆயத்தின் முன் வந்தபோது, அதற்கு விடுக்கப்பட்ட வினாக்களுள் முதன்மையானது ஒரு மொழியியல் வினா: தாய்மொழி என்பதன் பொருள் யாது? குழந்தைக்கு எளிதாக வரும் மொழி எனின், அதனை முடிவு செய்பவர் யார்?

2014 மே 6ஆம் நாள் விடை வந்தது. அரசியலமைப்பின் பின்னணியில் தாய்மொழி என்பது மாநிலத்து மொழிச் சிறுபான்மையினரின் மொழி. குழந்தையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரோ பாதுகாவலரோ முடிவு செய்வர். தொடக்கக் கல்வியின் பயிற்றுமொழியைத் தேர்வது பேச்சுரிமையுள் அடங்கும். ஆதலின் அரசு தாய்மொழி வழியைத் தனியார் பள்ளிகள் மீது திணித்தல் ஆகாது. முதற்பகுதி 1949ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் எதிரொலி. இரண்டாம் பகுதியோ அத்தீர்மானம் எதற்காகப் பிறந்ததோ அதனைப் பெற்றோர் விருப்புக்கு உட்பட்டதாக்கிற்று. சட்ட நோக்கில் இத்தீர்ப்பு முரணற்றது. குடும்பத்தின் உள்ளே அரசு நுழையாதிருப்பதே நன்று. ஆனால் நீதிமன்றம் பெற்றோருக்கு வழங்கிய உரிமை கட்டணம் செலுத்த இயல்வோரிடமே முழுமையாகச் சென்றது. அரசுப் பள்ளியைச் சார்ந்த அல்சூர்க் கூலித் தொழிலாளிக்கு 2014க்குப் பின்னும் ஆங்கில வழி அருகிலேயே இருந்தது; ஆயினும் எட்டவில்லை. 2019–20இல் கருநாடக அரசே 1,000 அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழி வகுப்புகளைத் தொடங்கியமை இதனை ஒருவாறு ஒப்புக்கொண்டமையாகும்.

புறநானூற்றின் 312ஆம் பாடல் மகனை உருவாக்கும் கடமைகளைத் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் எனப் பகுத்து வைக்கிறது. வேந்தனது கடமையைக் கூறும் இடத்தில் நன்னடை, தண்ணடை என இரு பாடங்கள் உண்டு. முன்னது நல்லொழுக்கம், பின்னது வாழ்வதற்கான விளைநிலம். குழந்தைக்கு அரசு செய்யவேண்டியது நெறிப்படுத்துதலா, வளம் அளித்தலா என்னும் வினா நம் பாடவேறுபாட்டிலேயே உறைகிறது. பெங்களூர் வழக்குகளில் வாதிட்டோர் அனைவரும் முதற்பாடத்தையே பற்றிப் போரிட்டனர். இரண்டாவது பாடம், அதாவது ஆசிரியரும் நூலும் வகுப்பறையும் தருவது, வழக்குமன்றத்துக்கு வரவேயில்லை.

வீடு என்னும் பள்ளி

பெற்றோரே மொழியாசிரியராகும் முயற்சிக்கு மொழியியலில் ஒரு மரபு உண்டு. பிரெஞ்சு மொழியியலார் ஜூல் ரோன்ஜா, கிரம்மோன் தந்த அறிவுரைப்படி தம் மகனிடம் தாம் பிரெஞ்சு மட்டுமே பேசினார். ஜெர்மானியரான மனைவி ஜெர்மன் மட்டுமே பேசினார். ஒருவருக்கு ஒரு மொழி என்னும் இம்முறையின் விளைவை அவர் 1913இல் நூலாக்கினார். லியோபோல்டு தம் மகளின் இருமொழி வளர்ச்சியை 1939 முதல் 1949 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். இம்முயற்சிகள் கற்ற, வசதியுள்ள, உரையாட ஓய்வுள்ள குடும்பங்களில் நிகழ்ந்தவை.

மைசூரில் 1929இல் பிறந்த அ.க. இராமானுசனின் வீடும் அத்தகையது. கணிதப் பேராசிரியரான தந்தையிடம் ஆங்கிலம், தாயிடம் தமிழ், தெருவில் கன்னடம். அவர் கவிதை எழுதியது ஆங்கிலத்திலும் கன்னடத்திலும், தமிழிலன்று. சங்க இலக்கியத்தை அவர் ஆழ்ந்து கண்டெடுத்தது சிகாகோவின் நூலகத்தில். 1967இல் குறுந்தொகை மொழிபெயர்ப்பை வெளியிட்டபோது அவர் முப்பது வயதைக் கடந்தவர். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து கன்னடச் சிறுகதையின் முன்னோடியான மாஸ்தி வெங்கடேச ஐயங்காரும் இவ்வகையினரே. இவர்களைச் சான்றாகக் காட்டிப் பள்ளியில் தமிழ் இன்றியும் தமிழ் வாழும் என வாதிடுவோர் உளர். அவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. அவ்வீடுகளில் நூல்கள் இருந்தன. பாசுரம் ஓதும் செவிவழக்கு இருந்தது. ஆங்கிலத்தை இழந்துவிடுவோம் என்னும் அச்சமில்லை. தண்டுப்பகுதித் தொழிலாளர் வீட்டில் தாய் தரக்கூடியது பேச்சுத் தமிழ் மட்டுமே. எழுத்துத் தமிழை அவர் தம் பள்ளியிலிருந்தே பெற்றிருக்க வேண்டும்.

கருநாடகத்தின் 2015ஆம் ஆண்டுக் கன்னட மொழி கற்றல் சட்டம், எல்லாப் பள்ளிகளிலும் முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கன்னடத்தைக் கட்டாயமாக்கியது. குடியிருக்கும் நிலத்தின் மொழியைக் குழந்தை கற்பது நன்மையே; மேலே கண்ட ஒலியொப்புமைகளால் தமிழ்க் குழந்தைக்கு அது அரிதுமன்று. ஆனால் ஆங்கில வழிப் பள்ளியில் முதல்மொழி ஆங்கிலம், இரண்டாவது கன்னடம், மூன்றாவது பெரும்பாலும் இந்தி என அமைந்தபின் கால அட்டவணையில் தமிழுக்கு மணியில்லை. அது வார இறுதி வகுப்புக்கும் பாட்டியின் கதைக்கும் உரியதாகிவிடுகிறது. அவ்வகுப்புகளுக்கு வரும் குழந்தை தமிழ் நன்றாகப் பேசும். கன்னட எழுத்தில் எழுதித் தந்தால் தமிழைப் படிக்கும். 34 மெய்யெழுத்துகளில் பழகிய கண்ணுக்கு 18 மெய்கள் கொண்ட வரிவடிவம் எளிதாக இருக்குமென எண்ணுவர். நடைமுறை வேறு. ஒரே ககரத்தை இடம் நோக்கி க எனவும் க³ எனவும் ஒலிக்க வேண்டிய தமிழ் வாசிப்பு அக்குழந்தைக்குப் புதியது. 'தங்கம்', 'கடல்', 'பகல்' என்னும் மூன்று சொற்களைக் கொண்டே ஒரு வகுப்பு முழுவதும் நடத்தலாம். வீட்டுப் பேச்சில் ஒலிப்பை முன்னரே அறிந்த குழந்தை விதியை உணர்ந்ததும் விரைந்து வாசிக்கத் தொடங்குகிறது. அயல்நாட்டார்க்குத் தமிழ் கற்பிக்கும் நூல்களை இவ்வகுப்புகளில் பயன்படுத்துவது இதனால் பொருந்தாது. பேசத் தெரிந்து எழுதத் தெரியாத குழந்தைக்கென, கன்னட எழுத்தறிவை ஏணியாகக் கொண்ட பாடநூல் தனியே எழுதப்படல் வேண்டும். அதனை எழுதத்தக்கவர் இருமொழி மொழிபெயர்ப்பாளரே.

1994–95இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைகள் இன்று முப்பது வயதைக் கடந்த பெற்றோர். தம் தந்தையர் அன்று எதனை எழுதினர் என்பது அவர்களுட் பலருக்குத் தெரியாது. சேர்க்கைக் காலத்தில் அதே கட்டத்தின் முன் எழுதுகோலுடன் நிற்பவர்கள் இப்போது அவர்களே.